எழுத்துக்கு ஒரு பட்டமாம்!

இங்கிலாந்து தேசத்தில் நார்விச் என்று ஒரு பட்டணம். அங்கே 1963-ல் ஏற்படுத்தப்பட்ட கிழக்கு ஆங்லியா சர்வகலாசாலையில், கதையும் கவியும் எழுதப் பழக்கி பி.ஏ. பட்டம் கொடுக்கிறார்கள். மூன்று வருஷப் படிப்பு. இங்கிலீஷ் இலக்கியமும் படிக்க வேண்டும், அதோடு சொந்தமாய் எழுதவும் வேண்டும். இதைக் கேட்ட மாத்திரத்தில் நம் தோழர்களில் பலர் சிரிக்கக்கூடும். “எழுத்தாவது, சொல்லிக் கொடுத்து வருவதாவது! பிறவியிலேயே நாக்கில் எழுதி வரவேண்டிய சங்கதியல்லவா?” என்பார்கள். சிரிக்கிறவர்களுக்கே முதலில் பதில் சொல்லி விடுகிறோம்.

பிறவியிலேயே வரும் என்பது யார் கடைச் சரக்கு? தச்சு வேலை பழகினால் வரும், வைத்தியம் படித்தால் வரும், எழுத்து மாத்திரம் ஆகாயத்திலிருந்து யார் தலையிலோ கடாக்ஷமாய் இறங்குமாம்! இது பகுத்தறிவுக்காரன் பேசுகிற பேச்சா? படிப்பு தங்களுக்கே சொந்தம் என்று வைத்துக்கொண்டிருந்தவர்கள் கட்டிவிட்ட கதை இது. அந்த இங்கிலாந்திலேயே, 1871-ல் சட்டம் வருகிற வரையில், அரசாங்க மதச் சபையின் கொள்கையை ஒப்புக்கொள்ளாதவனுக்கு ஆக்ஸ்போர்டிலும் கேம்பிரிட்ஜிலும் உயர்ந்த ஸ்தானம் கிடையாது. பெண்களுக்குக் கேம்பிரிட்ஜ் முழுப்பட்டம் கொடுத்தது 1948-ல்தான். கதவைச் சாத்திக்கொண்டவர்கள், வெளியே நிற்பவனைப் பார்த்து “உனக்குப் பிறவியில் இல்லை” என்பது எவ்வளவு சௌகரியம்!

“தாமஸ் பெயின் எந்தக் காலேஜில் படித்தார்?” என்று ஒரு தோழர் கேட்கலாம். நல்ல கேள்வி. அதே நார்விச் இருக்கும் நார்ஃபோக் ஜில்லாவில், தெட்ஃபோர்டில் 1737-ல் பிறந்தவர் அவர். பெண்கள் இடுப்பை இறுக்கிக் கட்டும் கச்சு தைப்பது தகப்பனார் தொழில். பெயினும் சிறு வயதிலேயே அந்தத் தொழிலுக்குப் போனவர். சர்வகலாசாலையை மிதித்ததில்லை. 1776-ல் அவர் எழுதிய ‘காமன் சென்ஸ்’ என்னும் சிறு புத்தகம் அமெரிக்கா தேசத்தையே அசைத்தது. இலக்கணம் தெரியாதவர் என்று கனவான்கள் ஏளனம் செய்ததும் உண்டு.

ஆனால் பெயின் ஒன்றும் கற்காமலா எழுதினார்? லூயிஸ் என்ற ஊரில் சுங்க உத்தியோகம் பார்த்த காலத்தில், ஒரு சாராயக்கடை மாடியில் கூடிய வாதக் கூட்டத்தில் ஆண்டுக்கணக்காய் வாதாடினார். பிலடெல்பியாவில் மாதப் பத்திரிகை ஒன்றுக்குப் பொறுப்பாயிருந்து கையைப் பழக்கினார். ‘காமன் சென்ஸ்’ எழுதுகையில் பகுதி பகுதியாய் டாக்டர் பெஞ்சமின் ரஷ்ஷிடம் வாசித்துக் காட்டினார். அந்தத் தலைப்பே ரஷ் சொன்னதுதான். எழுதியதைப் படித்துக் காட்டுவது, குறை கேட்பது, அடித்துத் திருத்துவது, மறுபடி எழுதுவது — நார்விச் வகுப்பில் மேஜையைச் சுற்றி மாணவர்கள் உட்கார்ந்து செய்வதும் இதுதானே? ஆகவே எழுதக் கற்பிக்கிறார்களே என்பது நமக்குக் குற்றமாய்த் தோன்றவில்லை. நாமும் எந்தக் காலேஜிலும் உட்காராதவர்தான். நமது வியாசத்தைப் படித்து “இந்த இடம் புரியவில்லை” என்று சொல்ல நாலு பேர் வாலிபத்தில் கிடைத்திருந்தால் பத்து வருஷம் மிச்சமாகியிருக்கும்.

பின்னே குற்றம் எங்கே? கணக்கில்தான்.

இந்தச் சர்வகலாசாலையின் புகழெல்லாம் 1970-ல் ஆங்கஸ் வில்ஸனும் மால்கம் பிராட்பரியும் தொடங்கிய எம்.ஏ. வகுப்பால் வந்தது. அதில் படித்தவர்களே இயன் மக்யூவன், 2007-ல் புக்கர் பரிசு வாங்கிய ஆன் என்ரைட், 2017-ல் நோபல் பரிசு வாங்கிய கஸுவோ இஷிகுரோ ஆகியவர்கள். சரி, இம்மூவரும் பி.ஏ. படித்தது எங்கே? மக்யூவன் ஸஸெக்ஸில், என்ரைட் டப்ளினில், இஷிகுரோ கென்ட்டில்! ஆக, அந்தப் புகழின் நிழலில் நிற்கிற பி.ஏ. வகுப்புக்கு இவர்களைச் சாட்சி கூப்பிட எள்ளளவும் பாத்தியம் கிடையாது. எம்.ஏ. வகுப்புக்கும் இது முழுச் சாட்சியாகாது. முன்பே எழுதத் தெரிந்தவனைப் பொறுக்கி எடுத்துக்கொண்டு, பிறகு அவன் எழுதினான் என்றால் யாருக்குப் பெருமை? பிள்ளை வரம் கேட்டுக் கோயிலுக்குப் போனவர்களில் பெற்றவள் தொட்டில் கட்டுகிறாள், பெறாதவள் பேசாமல் வீட்டுக்குப் போய்விடுகிறாள். தொட்டில்களை எண்ணிச் சாமியின் சக்தியை அளக்கலாமா?

கூலியோ லேசானதல்ல. 1998-க்கு முன் இங்கிலாந்துப் பிள்ளைகளுக்குச் சம்பளமே கிடையாது. 2025-26 விகிதப்படி வருஷத்துக்கு 9,535 பவுன், மூன்று வருஷத்துக்கு 28,605 பவுன். சாப்பாடு, வாடகை வேறு. கடன் வாங்கித்தான் படிக்கிறார்கள். வருமானம் 25,000 பவுனுக்கு மேல் போனால் மேற்பட்டதில் நூற்றுக்கு 9 வீதம் கட்ட வேண்டும். தவணை 40 வருஷம். எழுதுவதையே முக்கியத் தொழிலாய்க் கொண்டவர்களை வரிசையாய் நிறுத்தினால், நடுவில் நிற்பவர் எழுத்தால் சம்பாதிப்பது வருஷத்துக்கு 7,000 பவுன் என்று 2022-ல் அந்நாட்டு எழுத்தாளர் சங்கமே கணக்கெடுத்துச் சொல்லிற்று. எழுத்தை மட்டும் நம்பியவன் கடனைக் கட்டத் தொடங்கும் வருமானத்தையே எட்டமாட்டான். கடன் மாத்திரம் பேரேட்டில் வட்டியோடு வளரும்.

இதைப் பார்த்து அரசாங்கத்தார் கண்டுபிடித்த மருந்து அதைவிட விசேஷம். 2022-ல் ஒரு விதி வகுத்தார்கள். படித்து வெளியேறி 15 மாதத்துக்குள் நூற்றுக்கு 60 பேராவது நல்ல உத்தியோகத்திலோ மேற்படிப்பிலோ அதுபோன்றதிலோ இருந்தாக வேண்டும். இல்லாவிட்டால் அந்தப் படிப்பை விசாரிக்கலாம். 2023-ல் பிரதம மந்திரி சுனக், இப்படிப்பட்ட படிப்புகளை மோசடிப் படிப்பு என்றே பேசி, ஆள் சேர்ப்பதைக் குறைப்போம் என்றார். பதினைந்து மாதமாம்! கச்சுத் தையல்காரர் மகன் பெயின் ‘காமன் சென்ஸ்’ எழுதியபோது அவருக்கு வயது 38. அதற்கு முன் உத்தியோகம் போய், கடை போய், இருந்த சாமானும் ஏலத்துக்குப் போயிற்று. இந்தத் தராசில் அவரை ஏற்றியிருந்தால் மோசடிச் சரக்கென்றே முத்திரை விழுந்திருக்கும். அதே 2023-ல் பணமுடை என்று சொல்லிக் கிழக்கு ஆங்லியாவிலும் ஆசிரியர்களைக் குறைக்க முற்பட்டபோது வெட்டு அதிகமாய் விழுந்தது கலைப் பிரிவுகள் மேல்தான்.

பணக்காரன் பிள்ளைக்கு இதனால் ஒரு நஷ்டமும் இல்லை. பட்டம் இருந்தாலும் இல்லாவிட்டாலும் அவனுக்கு வீடு உண்டு, ஓய்வு உண்டு, புத்தகம் போடுகிறவனின் சிநேகம் உண்டு. சுரங்கக்காரன் மகளுக்கும் பஸ் ஓட்டுகிறவன் மகனுக்கும் எழுதியதைப் படித்துத் திருத்த ஒரு மேஜை அங்கேதான் கிடைக்கிறது. அதை மூடச் சொல்கிறவனோடு நாம் சேரமாட்டோம். சர்வகலாசாலையாரைக் கேட்பது இதுதான்: பரிசு வாங்கியவர்கள் படத்தை மாட்டுவதிருக்கட்டும். பி.ஏ. வகுப்பில் சேர்ந்தவர்கள் இத்தனை பேர், பத்து வருஷத்துக்குப் பின்னும் எழுதுகிறவர்கள் இத்தனை பேர், கடனோடு நிற்பவர்கள் இத்தனை பேர், வாசலில் திருப்பியனுப்பப்பட்டும் எழுத்தாளரானவர்கள் இத்தனை பேர் என்று எழுதி, சேர வருகிற பிள்ளை கையெழுத்துப் போடுமுன் அதன் கையில் கொடுக்கட்டும்.