பழுது பெட்டியிலா, பழக்கத்திலா?



நம் இசை அறை பீரோவில் ஒரு பெட்டி தூங்குகிறது. முன்னாள் மாணவர் ஒருவர் அன்பளிப்பாகக் கொடுத்தது. மேலே 16 ரப்பர் கட்டங்கள், ஒரு சின்னத் திரை, நாலைந்து திருகுகள். நாமெல்லாம் 'பேட்' என்று சொல்கிறோமே, அதேதான். அதன் மேல் 'பழுது' என்று சீட்டு ஒட்டி இரண்டு பருவம் ஆகிவிட்டது. யார் ஒட்டியது? தெரியாது. என்ன பழுது? அதுவும் தெரியாது! "சத்தம் வரல" என்பதோடு சரி.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஒரு சாதனத்தைப் 'பழுது' என்று சொல்லும் உரிமை, அதைப் படிப்படியாகச் சோதித்துப் பார்த்தவருக்கு மட்டுமே உண்டு. சோதிக்காமல் சீட்டு ஒட்டுவது, நாடி பிடிக்காமலே வைத்தியர் கையை விரிப்பது போலத்தான்.

இந்தப் பெட்டி எந்த வகை என்று தெரிந்துகொண்டால் பாதி பயம் போய்விடும். திருவிழா மெல்லிசைக் கச்சேரியில் பேட் வாசிப்பதை எல்லோரும் பார்த்திருப்போம். ரோலண்ட் நிறுவனம் 1985-ல் வெளியிட்ட முதல் ஆக்டாபேடில் 8 கட்டங்கள் இருந்தன. ஆனால் அதற்குள் சத்தமே கிடையாது! எந்தக் கட்டத்தை எவ்வளவு பலமாகத் தட்டினோம் என்ற செய்தியை மட்டும் 'மிடி' வயர் வழியாக இன்னொரு கருவிக்கு அனுப்பும். சத்தம் அந்தக் கருவியிலிருந்துதான் வரும்.

1988-ல் ஜப்பானின் அகாய் நிறுவனமும் அமெரிக்கப் பொறியாளர் ரோஜர் லின்னும் சேர்ந்து எம்.பி.சி. 60 என்ற பெட்டியைக் கொண்டுவந்தார்கள். வரிசைக்கு 4 வீதம் 16 கட்டங்கள். சத்தத்தைப் பதிவு செய்வது, தட்டுவது, தட்டியதைத் தாளமாகக் கோப்பது எல்லாம் அந்த ஒரே பெட்டியில். 2012-ல் அதே வரிசையில் வந்த 'ரினைசான்ஸ்' கம்ப்யூட்டர் இல்லாமல் வேலை செய்யாது. 2017-ல் வந்த 'லைவ்' மறுபடியும் தன் காலில் நின்றது. நம் பெட்டியும் அந்த மாதிரிதான். தனியாகவும் பாடும், கம்ப்யூட்டரோடு சேர்த்தால் அதற்குக் கையாகவும் உழைக்கும். இந்த இரட்டை வேஷம் தெரியாமல்தான் பல பேர் குழம்புகிறோம்.

சரி, சத்தம் வரவில்லை. என்ன செய்வது? வீட்டுக் குழாயில் தண்ணி வரலேன்னா உடனே மோட்டாரைத் தூக்கிப் போட்டுவிடுவோமா? தொட்டியில் தண்ணி இருக்கா, வால்வு திறந்திருக்கா என்று ஒவ்வொன்றாகப் பார்ப்போம் இல்லையா? சத்தமும் தண்ணி மாதிரி ஒரு வழியில்தான் வருகிறது. அந்த வழியோடு நடந்து பாருங்கள்.

1. முதலில் கரண்ட். அடாப்டரில் அச்சிட்டிருக்கும் வோல்ட், ஆம்பியர், கூட்டல் கழித்தல் குறி மூன்றும் பெட்டியில் எழுதியிருப்பதோடு ஒத்துப்போகணும். பின் பொருந்துகிறது என்பதற்காக வேறு அடாப்டரைச் செருகவே கூடாது.

2. கட்டத்தைத் தட்டினால் விளக்கு மின்னுகிறதா? மின்னினால் தட்டியது உள்ளே போய்ச் சேர்ந்துவிட்டது.

3. திரையில் ஒலி அளவுக் கோடு ஏறுகிறதா? ஏறவில்லை என்றால் கோளாறு உள்ளே, பெரும்பாலும் அமைப்பில். அந்தக் கட்டத்துக்குச் சத்தமே ஏற்றவில்லையோ? அந்த டிராக்கை யாராவது ஊமையாக்கி வைத்தார்களோ? 16 கட்டங்கள்தான் கண்ணுக்குத் தெரியும், ஆனால் ஏ முதல் எச் வரை 8 அடுக்குகள் உண்டு, மொத்தம் 128. சத்தம் 'ஏ' அடுக்கில் இருக்க, நாம் 'சி' அடுக்கைத் தட்டிக்கொண்டிருந்தால் எப்படி வரும்? பெட்டி கம்ப்யூட்டரோடு இணைந்த நிலையில் இருந்தாலும், சத்தம் கம்ப்யூட்டர் பக்கம் போய்விடும்.

4. கோடு ஏறுகிறது, ஆனால் காதில் விழவில்லையா? அப்படியானால் கோளாறு வெளியே. ஹெட்போனை மாட்டிப் பாருங்கள். அதில் கேட்டால் பெட்டி நல்லாத்தான் இருக்கு. பெரிய வால்யூம் திருகு, வயர், மிக்ஸர், ஸ்பீக்கர் என்று வரிசையாகப் பார்த்துப் போகணும்.

ஒரு விதி முக்கியம். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றணும். வயரையும் மாற்றி ஸ்பீக்கரையும் மாற்றினால், சத்தம் வந்தாலும் எது கோளாறு என்று தெரியாமலே போய்விடும்.

வேறு சில புகார்களும் காதில் விழுகின்றன. "பலமா தட்டினாத்தான் கேக்குது" என்கிறார்கள். தட்டும் பலத்தைப் பெட்டி 1 முதல் 127 வரை எண்ணாக அளக்கிறது. மெதுவாகத் தட்டினால் மெதுவாக ஒலிப்பது அதன் குணம், குறை அல்ல. 'ஃபுல் லெவல்' பொத்தானை அமுக்கினால் எல்லாத் தட்டும் 127 ஆகிவிடும். ஒரு தட்டுக்கு இரண்டு சத்தம் வந்தால், தொடு உணர்வின் தொடக்க அளவைக் கொஞ்சம் ஏற்றிப் பார்க்கலாம். ஒரு கட்டம் மட்டும் பேசவில்லையா? அதிலிருக்கும் சத்தத்தைப் பக்கத்துக் கட்டத்துக்கு மாற்றுங்கள். அங்கே ஒலித்தால் சத்தத்தில் குறை இல்லை, கட்டத்தில்தான் குறை. அப்போது மெக்கானிக்கிடம் போகலாம். நாமே திருப்புளி எடுத்துத் திறக்கக் கூடாது.

"தட்டி கொஞ்ச நேரம் கழிச்சுத்தான் கேக்குது" என்பது கம்ப்யூட்டரோடு சேர்த்து வாசிப்பவர்களின் புகார். கம்ப்யூட்டர் சத்தத்தைத் துண்டு துண்டாக வாங்கித்தான் அனுப்பும். விநாடிக்கு 44,100 மாதிரிகள் என்ற கணக்கில், 1024 மாதிரி கொண்ட ஒரு துண்டுக்கு 23 மில்லிசெகண்டு ஆகும். 128 ஆகக் குறைத்தால் 3 மில்லிசெகண்டுதான். கை வேகமாகத் தட்டும்போது இந்த வித்தியாசம் நன்றாகத் தெரியும்.

"செஞ்ச பாட்டு காணாமப் போச்சு" என்பது எல்லாவற்றிலும் பெரிய சோகம். பெட்டியும் நம்மை மாதிரிதான், எழுதி வைத்தால்தான் ஞாபகம் இருக்கும்! சேமிக்காமல் நிறுத்தினால் உழைப்பு போயே போச்சு. கார்டில் ஒன்று, பென்டிரைவில் ஒன்று என்று இரண்டு இடத்தில் சேமிக்கணும்.

இதையெல்லாம் படித்துவிட்டு, போன மாதம் பாட்டு மிஸ்ஸிடம் அனுமதி வாங்கி, நாங்கள் நான்கு பேர் பெட்டியைச் சோதித்தோம். விளக்கு மின்னியது. கோடு ஏறியது. ஹெட்போனில் டிரம்ஸ் கணீரென்று கேட்டது! மைக் செட் அண்ணனிடம் வேறு வயர் கேட்டு மாட்டினோம், ஸ்பீக்கரும் பேசியது. ஒரு வயருக்காக இரண்டு பருவம் ஒரு நல்ல கருவி ஜெயிலில் இருந்திருக்கிறது, நண்பர்களே!

"பெட்டியைத் தட்டுறதெல்லாம் ஒரு இசையா?" என்று சிலர் கேட்கலாம். மிருதங்கம் கற்கும் நண்பர்கள் என்னிடம் நேராகவே கேட்டார்கள். நியாயமான கேள்விதான். அமெரிக்காவின் டெட்ராய்ட் நகரில் ஜே டில்லா என்று ஓர் இசைக் கலைஞர் இருந்தார். தாளத்தை இயந்திரம் தானாகவே நேர்ப்படுத்தித் தரும் வசதி இருந்தும், பல பாட்டுகளில் அதை ஒதுக்கிவிட்டுத் தன் கை போட்ட தாளத்தையே நம்பினார். 2006-ல் காலமானார். அவர் வாசித்த எம்.பி.சி. 3000 இன்று வாஷிங்டனில் ஆப்பிரிக்க அமெரிக்கர் வரலாற்று அருங்காட்சியகத்தில் இருக்கிறது. பெட்டியை அங்கே கொண்டுபோய்ச் சேர்த்தது அந்தக் கை அல்லவா? மிருதங்கம் பயின்ற கை இந்தப் பெட்டியில் இன்னும் நன்றாகப் பேசும் என்றுதான் நான் நினைக்கிறேன். நம்ம ஊர் பறையை, வாசிக்கிறவரிடம் அனுமதி கேட்டுப் பதிவு செய்து, நம் பள்ளி மணியோசையோடு சேர்த்து ஒரு தாளம் போட்டால் அது யாருடைய இசை? நம்முடையதுதான்!

"பசங்க கையில கொடுத்தா உடைச்சிடுவாங்க" என்பது பெரியவர்களின் பயம். அதிலும் நியாயம் உண்டு. ஆனால் ஆய்வகத்தில் கண்ணாடிக் குடுவையையே நம்மை நம்பிக் கொடுக்கிறார்களே! உடையும் என்று பயந்து பூட்டினால், உடையாமல் கையாள எப்போதுதான் பழகுவது?

ஆகவே மூன்று வேண்டுகோள். முதலாவது, பீரோ சாவி வாரம் இரண்டு மாலை இசை அறைக்கு வரட்டும். இரண்டாவது, பெட்டியோடு ஒரு நோட்டு இருக்கட்டும். எடுத்தவர் பெயர், கண்ட கோளாறு, சோதித்த படிகள் எல்லாம் அதில் எழுதப்படட்டும். நோட்டில் படிகள் இல்லாமல் யாரும் 'பழுது' சீட்டு ஒட்டக் கூடாது. மூன்றாவது, வரும் ஆண்டு விழாவில் ஒரு நடனத்துக்காவது ரெக்கார்டு பாட்டைப் போடாமல் நம் மாணவர்கள் தட்டிய தாளம் ஒலிக்கட்டும்.

ஆடத் தெரியாதவர் கூடம் கோணல் என்றாராம். கூடம் கோணலா இல்லையா என்று அளந்து பார்த்துவிட்டோம், நேராகத்தான் இருக்கிறது. இனி ஆட விடுங்கள்!



— பதினோராம் வகுப்பு மாணவன்