மதுரைக்கு மாடி பஸ் வேண்டுமா? திருப்பரங்குன்றம் நிறுத்தத்தில் நின்று ஒரு கணக்கு

மும்பையில் குளிரூட்டப்பட்ட மின்சார மாடி பஸ் ஓடுகிறது. ஹைதராபாத்தில் ஹுசைன் சாகர் ஏரிக்கரையைச் சுற்றி வந்தது. திருவனந்தபுரத்தில் சுற்றுலாப் பயணிகளை ஏற்றிச் செல்கிறது. இந்தக் காணொளிகளைக் கைப்பேசியில் பார்க்கும் நம் பிள்ளைகள், "மதுரைக்கு எப்போ வரும்?" என்று கேட்கிறார்கள்.

நியாயமான கேள்விதான். ஆனால் திருப்பரங்குன்றம் நிறுத்தத்தில் கைக்குழந்தையோடு நிற்கும் தாய்க்கும், அரசு இராசாசி மருத்துவமனைக்குப் புறப்பட்ட பெரியவருக்கும் வேறொரு கேள்வி இருக்கிறது: "அடுத்த பஸ் எத்தனை நிமிடத்தில் வரும்?" பிள்ளைகளின் கேள்விக்கு இந்தக் கேள்வியிலிருந்துதான் பதில் தேட வேண்டும்.

ஏன் இப்போது பேச வேண்டும்?

திருமங்கலத்திலிருந்து திருப்பரங்குன்றம் வழியாக ஒத்தக்கடை வரை சுமார் 32 கிலோமீட்டருக்கு மெட்ரோ ரயில் வரும் என்று பல ஆண்டுகளாகக் காத்திருந்தோம். 2025 நவம்பரில் அந்தத் திட்டத்தை மத்திய அரசு திருப்பி அனுப்பிவிட்டது. 20 லட்சம் மக்கள்தொகை வேண்டும் என்பது விதி; 2011 கணக்கெடுப்பில் மதுரை நகர்ப்பகுதியில் இருந்தது சுமார் 15 லட்சம். பதினான்கு ஆண்டுப் பழைய கணக்கை வைத்து இன்றைய நகரத்தை அளப்பது சரியா என்பது தனி விவாதம். எப்படியானாலும், நெடுங்காலத்துக்கு நமக்கு பஸ்தான் கதி.

இன்னொரு பக்கம், 2025-26 தமிழக நிதிநிலை அறிக்கையில் 1,125 மின்சாரப் பேருந்துகள் அறிவிக்கப்பட்டன. சென்னைக்கு 950, மதுரைக்கு 100, கோவைக்கு 75. நூறு பஸ் என்பது சிறிய எண்ணிக்கை அல்ல. அவை எந்த வகை, எந்தத் தடம், என்ன கட்டணம் என்பதில்தான் நம் குடும்பங்களின் அன்றாடம் அடங்கியிருக்கிறது.

மாடி பஸ்ஸா, சாதாரண பஸ்ஸா?

மும்பையின் மாடி பஸ்ஸில் சுமார் 65 பேர் அமரலாம். நீளம் பத்து மீட்டருக்கும் சற்றுக் குறைவு. ஒருமுறை சார்ஜ் செய்தால் 250 கிலோமீட்டர் வரை ஓடும் என்கிறது தயாரிப்பு நிறுவனம். சென்னையில் 2025 ஜூன் 30 அன்று ஓடத் தொடங்கிய மின்சாரத் தாழ்தளப் பேருந்தின் நீளம் 12 மீட்டர், இருக்கைகள் 39. சாலையில் குறைந்த இடத்தை எடுத்துக்கொண்டு அதிகப் பேரை உட்கார வைப்பது மாடி பஸ்தான். இது அதன் உண்மையான பலம்.

செலவைப் பார்ப்போம். மும்பையின் போக்குவரத்து நிறுவனமான பெஸ்ட், மாடி பஸ்களுக்காக 2022-ல் போட்ட ஒப்பந்தத்தில் கிலோமீட்டருக்கு 56 ரூபாய் 40 பைசா என முடிவானது. அதே ஆண்டு ஐந்து பெருநகரங்களுக்கான மத்திய அரசு நிறுவனத்தின் கூட்டு டெண்டரில், 12 மீட்டர் மின்சார பஸ்ஸுக்குக் கிடைத்த குறைந்த விலை 43 ரூபாய் 49 பைசா. நிபந்தனைகள் வேறுபடுவதால் இது பைசா சுத்தமான ஒப்பீடு ஆகாது. ஆனாலும் திசையைக் காட்டும். மாடி பஸ்ஸுக்குச் செலவு சுமார் 30 சதவீதம் கூடுதல். இருக்கையோ 60 சதவீதத்துக்கும் மேல் கூடுதல். எல்லா இருக்கையும் நிரம்பினால், ஒருவரை ஒரு கிலோமீட்டர் கொண்டுசெல்ல மாடி பஸ்ஸில் 87 பைசா. சாதாரண மின்சார பஸ்ஸில் 1 ரூபாய் 12 பைசா.

"நிரம்பினால்" என்ற சொல்லில்தான் விஷயமே இருக்கிறது. நண்பகலில் 40 பேர் மட்டும் ஏறினால், மாடி பஸ்ஸில் ஒருவருக்கான செலவு 1 ரூபாய் 41 பைசாவாக ஏறிவிடும். வேறு விதமாகச் சொன்னால், மணிக்கு மூன்று மாடி பஸ் விடும் பணத்தில் கிட்டத்தட்ட நான்கு சாதாரண மின்சார பஸ் விடலாம். முன்னதில் 20 நிமிடம் காத்திருக்க வேண்டும். பின்னதில் 15 நிமிடம். வெயிலில் நிற்பவருக்கு இந்த ஐந்து நிமிடம் பெரிது.

மும்பையும் சென்னையும் தரும் பாடம்

மும்பையில் 1937-ல் தொடங்கிய டீசல் மாடி பஸ்களின் கடைசி ஓட்டம் 2023 செப்டம்பர் 15 அன்று முடிந்தது. மேல்தளத்துக்கு ஒருவர், கீழ்த்தளத்துக்கு ஒருவர் என இரண்டு நடத்துநர் தேவைப்பட்டதும், பராமரிப்புச் செலவும் அவற்றுக்குப் பாரமாயின. அந்த இடத்தை நிரப்ப 900 மின்சார மாடி பஸ்கள் திட்டமிடப்பட்டன. 700 பஸ் தர வேண்டிய நிறுவனம் தராததால் அந்த ஒப்பந்தமே ரத்தானது. மீதி 200-லும் வந்து சேர்ந்தவை ஏறக்குறைய 50தான். பழைய வண்டி போய், புது வண்டியும் வராத நிலையில் தவித்தது பயணிகள்தான். 2025 மே மாதம் அங்கே குளிரூட்டப்பட்ட பஸ்ஸின் குறைந்தபட்சக் கட்டணமும் 6 ரூபாயிலிருந்து 12 ஆனது.

சென்னையிலும் உயர் நீதிமன்றம் – தாம்பரம் தடத்தில் 18ஏ மாடி பஸ் ஓடியது பலருக்கு நினைவிருக்கும். 2008-ல் அதுவும் நின்றது. ஹைதராபாத் ஒரு பஸ்ஸை 2 கோடியே 16 லட்சம் ரூபாய்க்கு வாங்கியும், முதலில் அவற்றைச் சுற்றுலாவுக்குத்தான் ஓட்டியது.

வெற்றிகரமாக ஓட்டும் ஊர்களும் உண்டு. ஹாங்காங்கில் பெரும்பாலான பஸ்கள் மாடி பஸ்களே. அங்கே நெரிசல் அப்படி; வண்டி காலியாக ஓடுவது அரிது. நம்மவர் பலர் வாழும் சிங்கப்பூரோ, மின்சார மாடி பஸ்களை 2020 அக்டோபரில் வெறும் பத்து வண்டிகளோடுதான் தொடங்கியது. முனையத்தில் நிற்கும் சில நிமிடங்களிலேயே கூரை வழியாக விரைவாகச் சார்ஜ் ஏற்றும் வசதியையும் உடன் வைத்தது. வண்டி வாங்கும்போதே சார்ஜ் ஏற்றும் இடத்தையும் திட்டமிட்டார்கள்.

நம் சாலைக்கு ஏற்குமா?

மாடி பஸ்ஸின் உயரம் சுமார் 4.75 மீட்டர். மாசி வீதிகளிலும் விளக்குத்தூண் பக்கமும் அது நுழைவதை நினைத்துப் பார்க்கவே வேண்டாம். தொங்கும் கம்பிகள், மரக்கிளைகள், வளைவுகள், திருவிழாப் பந்தல்கள் எல்லாம் தடை. நெரிசலுக்கு இடையூறாக இருந்த மாட்டுத்தாவணி தோரண வாயிலை 2025 பிப்ரவரியில் இடித்தபோது ஓர் உயிரே போனது. சாலையைச் சீர்செய்வதும் எளிய வேலையல்ல.

மாடி பஸ்ஸுக்கு மதுரையில் பொருத்தமான ஒரே தடம், மெட்ரோவுக்காக வரையப்பட்ட அந்தப் பாதைதான். திருமங்கலம், திருநகர், திருப்பரங்குன்றம், பசுமலை, பெரியார் நிலையம் என நீண்ட தடம். காலையிலும் மாலையிலும் கூட்டம் நிச்சயம். அங்கேயும் முதலில் சில வண்டிகளைச் சோதித்துப் பார்ப்பதே அறிவுடைமை.

ஏறி இறங்குவதையும் யோசிக்க வேண்டும். ஓடும் வண்டியில் குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு படியேறுவது தாய்க்குக் கடினம். பெரியவர்கள் பலர் மேலே போகத் தயங்குவார்கள். ஆக, அவர்களுக்குக் கிடைப்பது கீழ்த்தளத்தின் பாதி இருக்கைகள்தான். தாழ்தள பஸ்ஸில் சாய்வுப் பலகை வழியாகச் சக்கர நாற்காலியே ஏறிவிடும்.

எல்லாவற்றையும் விட முக்கியமானது விடியல் பயணம். 2021 மே முதல் சாதாரணக் கட்டண நகரப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணமில்லை. திருப்பரங்குன்றத்திலிருந்து கே.கே. நகர் வக்ஃபு வாரியக் கல்லூரிப் பக்கம் படிக்கப் போகும் மாணவியும், துணிக்கடை வேலைக்குப் போகும் சகோதரியும் மிச்சப்படுத்துவது குடும்பத்தின் மாதச் செலவில் ஒரு பங்கு. குளிரூட்டப்பட்ட மாடி பஸ் இந்தச் சலுகைக்குள் வராமல், அது வந்ததைக் காரணம் காட்டிச் சாதாரண பஸ்களும் குறைக்கப்பட்டால், ஏழைப் பெண்களுக்கு அது இழப்பாகத்தான் முடியும்.

நாம் கேட்க வேண்டியவை

மாடி பஸ் வேண்டாம் என்பது நம் வாதமல்ல. வரிசையில் அது முதலில் இல்லை, அவ்வளவுதான். முதலில் அறிவித்த நூறு பஸ்களும் வரட்டும். அவற்றில் திருப்பரங்குன்றம் தடத்துக்கு எத்தனை என்று சொல்லட்டும். அவை தாழ்தளமாகவும், பெண்களுக்குக் கட்டணமில்லாததாகவும் இருக்கட்டும். நெரிசல் நேரத்தில் பத்து நிமிடத்துக்கு ஒரு வண்டி உறுதியாகட்டும். வண்டி தர மறுக்கும் நிறுவனத்துக்கு அபராதம் ஒப்பந்தத்திலேயே எழுதப்படட்டும். இதையெல்லாம் செய்த பிறகும் கூட்டம் வழிந்தால், அப்போது மாடி பஸ் தானாகவே தேவையாகிவிடும்.

மலையடிவாரத்துக் கோயிலுக்கு வருபவரும், மேலே சிக்கந்தர் தர்காவுக்கு வருபவரும் ஏறுவது ஒரே பஸ்ஸில்தான். எனவே இந்தக் கோரிக்கையை மாநகராட்சி உறுப்பினரிடமும் சட்டமன்ற உறுப்பினரிடமும் நாம் தனியாகக் கொண்டுபோக வேண்டியதில்லை. அக்கம்பக்கத்து எல்லாச் சமூகத்தாரின் கையெழுத்தோடும் கொண்டுபோவோம். பொதுப்பணம் ஓர் அமானிதம். அது வேடிக்கைக்குச் செலவாகிறதா, தேவைக்குச் செலவாகிறதா என்று கேட்பது நம் உரிமை மட்டுமல்ல, பொறுப்பும்கூட.