காட்டுக் கனியும் அதன் பெயரும்



ஊரிகத்துப் பாறை நிலத்தில் விதைப்பாரின்றி விளையும் கனிகளாக நாம் அறிந்தவை நாவல், இலந்தை, விளா முதலிய சிலவே. அவற்றைக் கண்டவுடன் பெயர் சொல்லி உண்கின்றோம். ஆனால், ஆனி ஆடிச் சாரலுக்குக் குற்றாலம் முதலிய மேற்கு மலைப்பகுதிகளுக்குச் செல்லும் நம்மவர் பெயரறியாத பழங்களைக் காண்கின்றனர். பிள்ளைகள் பறிக்கக் கை நீட்டுகின்றனர். உண்ணத் தகுமா என்பதே வினா.

மழைக்காட்டு மரங்களின் இயல்பு தனித்தன்மை வாய்ந்தது. மலையாள நாட்டார் மூட்டிப்பழம் என வழங்கும் மரத்தைக் காண்க. மூடு என்பது அடி. பெயருக்கேற்ப, செந்நிறக் கனிகள் அடிமரத்திலேயே கொத்துக் கொத்தாகத் தொங்கும். தாவர நூலார் இட்ட பெயரிலும் குற்றாலம் இடம்பெற்றுள்ளது. இதன் சதை புளிப்பு மிக்கது. குடம்புளியின் புளிப்பு இன்னும் கடியது; அதனை உலர்த்தி மீன் குழம்பில் இடுவர். சிறு பலாவைப் போன்ற அயினியோ இனிக்கும்.

களக்காட்டு மலையில் மிகுந்து வளரும் வெடிப்பலா, மலாயா சென்ற நம் உறவினர் புகழும் டுரியான் பழத்திற்கு நெருங்கிய இனம். முள்ளடர்ந்த தோற்றமும் அதனை ஒத்ததே. எனினும் டுரியானில் விதையைப் போர்த்திருக்கும் இனிய சதை இதற்கில்லை. இதன் மலரும் விதையும் சிங்கவால் குரங்கிற்கு உணவாகும்.

குரங்கும் பறவையும் உண்பன எல்லாம் மனிதர்க்கும் ஆகும் என்று கருதலாகாது. எட்டிப்பழம் ஆரஞ்சு நிறத்தால் கண்ணைக் கவரும். இருவாய்ச்சிப் பறவை அதன் சதையை உண்ணும். அதன் விதையிலோ ஸ்டிரிக்னைன் என்னும் கொடிய நஞ்சு உள்ளது. ஆதலின் சிறிது சுவைத்துப் பார்ப்போம் என்பது அறியாக் கனியிடத்து ஆகாத சோதனை. நாக்கு அறிவதற்கு முன் பெயர் அறியவேண்டும். பொதிகை மலைக் காணிக்காரர் போன்றோர் இன்ன மரம், இன்ன பருவம், இன்ன பகுதி என்று தலைமுறை தலைமுறையாகக் கற்றே உண்கின்றனர்.

2001இல் தங்கச் சுரங்கங்கள் மூடப்பெற்றபின் நம் மக்களுள் பலர் பிழைப்பு நாடிப் பெங்களூருக்குச் செல்கின்றனர். மரப் பெயர்கள் வீட்டுப் பேச்சிலிருந்து மறைந்து வருகின்றன. பாட்டிமார் உள்ளபோதே நாவலையும் விளாவையும் எட்டியையும் பேரப்பிள்ளைகளுக்குக் காட்டிப் பெயர் சொல்லித் தருவாராக. மலைக்குச் செல்வோர் அறிந்தவர் தரும் கனியையே சுவைப்பாராக. காப்புக் காடுகளில் கனியைப் பறியாது விடுக. அது விலங்கின் உணவு, நாளைய மரத்தின் வித்து.