தீவுக்காரருக்கே கதவடைக்கும் சொகுசு நமக்கு எதற்கு?



சென்ற மாதம் திருவண்ணாமலையில் ஒரு நிக்காஹ் மஜ்லிஸில் கலந்துகொண்டேன். மஹர் எவ்வளவு என்று விசாரித்தவர்கள் குறைவு. தேனிலவு எங்கே என்று விசாரித்தவர்களே அதிகம். “மாலத்தீவு. கடலுக்கு மேல் கட்டிய வில்லா. நான்கு இரவுகள்” என்று மணமகனின் தந்தை பெருமையோடு சொன்னார். பக்கத்தில் இருந்த உறவினர் என் காதோடு சொன்னது வேறு: “எல்லாம் கடன்தான் பாய். மூன்று வருடத் தவணை.”

வட்டியின் தீமையை இந்த வாசகர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. என் கேள்வி அதற்கும் அப்பால் செல்வது. கையில் ரொக்கமாகவே பணம் இருந்தாலும், அந்தத் தீவில் நாம் எதை விலைக்கு வாங்குகிறோம்?

1972இல் குரும்பா என்னும் முதல் உல்லாச விடுதி திறக்கப்பட்டதிலிருந்து மாலத்தீவின் சுற்றுலா பெரும்பாலும் ஒரே வழியில் வளர்ந்தது: ஒரு தீவு, ஒரு விடுதி. மக்கள் குடியிராத தீவு ஒன்றை முழுவதுமாகக் குத்தகைக்குக் கொடுத்துவிடுவார்கள். அது முஸ்லிம்களின் நாடு. மக்கள் வாழும் தீவுகளில் மது விற்க அனுமதி இல்லை. விடுதித் தீவுகளிலோ மதுவும் பன்றி இறைச்சியும் தாராளமாகப் பரிமாறப்படுகின்றன. ஒரே கடல், ஒரே கொடி. குடிமகனுக்கு ஒரு சட்டம், பணம் கொடுத்த விருந்தினருக்கு வேறொரு சட்டம். அந்த வெண்மணற் கரையில் அந்நாட்டுச் சாமானியர் கால் வைப்பது பெரும்பாலும் சீருடை அணிந்த பணியாளராகத்தான்.

இதை எங்கள் ஊரோடு ஒப்பிட்டுப் பாருங்கள். திருவண்ணாமலையில் கடல் இல்லை, மலை இருக்கிறது. ஒவ்வொரு பௌர்ணமிக்கும் 14 கிலோமீட்டர் கிரிவலப் பாதையில் மக்கள் திரள்கிறார்கள். அவர்களின் வழிபாடு நம்முடையதன்று. ஆயினும் அந்த வருகையால் அடுப்பெரியும் வீடுகளில் நம்மவர் வீடுகளும் உண்டு. நெரிசல் உண்டு, குப்பை உண்டு, வாடகை ஏற்றம் உண்டு. இருந்தும் வந்தவரும் ஊர்க்காரரும் ஒரே சாலையில்தான் நடக்கிறார்கள். நாளை யாரேனும் அந்தச் சாலையைக் குத்தகைக்கு எடுத்து, “உள்ளூர்க்காரர் வேலைக்கு மட்டும் வரலாம்” என்று பலகை வைத்தால் நாம் பொறுத்துக்கொள்வோமா? நமக்குப் பொறுக்காத ஒன்றை இன்னொரு சகோதரனின் மண்ணில் எப்படிப் பணம் கொடுத்து வாங்குகிறோம்?

“அப்படியானால் லட்சத்தீவுக்குப் போகலாமே” என்பார்கள். 2024 ஜனவரியில் பிரதமர் அங்கே சென்று வந்ததும், மாலத்தீவைப் புறக்கணிப்போம், லட்சத்தீவுக்குச் செல்வோம் என்ற முழக்கம் நாடெங்கும் பரவியது. நம்மவர்களும் அதைப் பகிர்ந்தார்கள். அந்தத் தீவு மக்கள் என்ன விரும்புகிறார்கள் என்று எத்தனை பேர் கேட்டோம்?

36 தீவுகள், மொத்தப் பரப்பு வெறும் 32 சதுர கிலோமீட்டர். மக்கள் வாழ்வது 10 தீவுகளில். 2011 கணக்கெடுப்பின்படி 64,473 பேர். நூற்றுக்குத் தொண்ணூற்றாறுக்கும் மேற்பட்டோர் முஸ்லிம்கள். 2021இல் வெளியான மேம்பாட்டு ஆணைய வரைவுச் சட்டம், வளர்ச்சியின் பெயரால் தங்கள் நிலத்தைப் பறித்துவிடும் என்று அவர்கள் அஞ்சினார்கள். வீட்டு வாசலில் அமர்ந்து அமைதியாகப் போராடினார்கள். அதே ஆண்டு மே 31 அன்று கேரளச் சட்டமன்றம் அவர்களுக்கு ஆதரவாக ஒருமனதாகத் தீர்மானம் நிறைவேற்றியது. அங்கும் மாலத்தீவின் அச்சு ஏற்கெனவே உண்டு: மதுவிலக்குள்ள அத்தீவுக் கூட்டத்தில், குடியிருப்பில்லாத பங்காரம் தீவு மட்டும் நெடுங்காலமாகச் சுற்றுலாப் பயணிகளுக்காக விலக்குப் பெற்றிருந்தது.

தண்ணீரையும் எண்ணிப் பாருங்கள். பவளத் தீவில் நன்னீர் என்பது மணலுக்கடியில் உப்புநீரின் மேல் மிதக்கும் மெல்லிய படலம். அளவுக்கு மீறி இறைத்தால் கடல்நீர் கலந்து கிணறு பாழாகும். அதனால்தான் 2005இல் கவரத்தியில், நாளொன்றுக்கு ஒரு லட்சம் லிட்டர் நன்னீர் தரும் நிலையத்தைச் சென்னையிலுள்ள தேசியக் கடல் தொழில்நுட்ப நிறுவனம் அமைத்தது. அப்படிப்பட்ட மண்ணில் அறைக்கொரு நீச்சல்குளம்! ஓடும் ஆற்றங்கரையில் உளூச் செய்தாலும் நீரை வீணாக்காதே என்று பிள்ளைகளுக்குச் சொல்லி வளர்க்கும் சமூகம் இதற்கு என்ன பதில் வைத்திருக்கிறது?

ஒரு நியாயமான மறுப்பு உண்டு. “நம் பெண்கள் பிறர் பார்வையின்றிக் கடலில் நனைய வேறு எங்கே இடம் இருக்கிறது?” என்று சகோதரிகள் கேட்கிறார்கள். அந்தத் தேவையை நான் குறைத்து மதிப்பிடவில்லை. ஆனால் தனிமைக்கு ஒரு தீவையே பூட்ட வேண்டியதில்லை. 2009 முதல் மாலத்தீவிலேயே மக்கள் வாழும் தீவுகளில் சிறு விருந்தினர் இல்லங்களுக்கு அனுமதி உண்டு. அங்கே பாங்கொலி கேட்கும். ஹலால் உணவு கிடைக்கும். கொடுக்கும் வாடகை அவ்வூர்க் குடும்பத்தின் கைக்குப் போய்ச் சேரும். லட்சத்தீவுக்கும் அனுமதிச் சீட்டு பெற்று, கொச்சியிலிருந்து கப்பலேறி, அம்மக்களின் விருந்தாளியாகச் செல்லலாம்.

பயணம் கூடாது என்று நான் சொல்லவில்லை. பூமியில் சுற்றிப் பார்த்துப் படிப்பினை பெறுமாறு குர்ஆன் பல இடங்களில் அழைக்கிறது. ஆனால் ஸூரா பனீ இஸ்ராயீலின் 26ஆம் வசனத்தில் உள்ள வரிசையைக் கவனியுங்கள். உறவினர், ஏழை, வழிப்போக்கர் ஆகியோரின் உரிமை முதலில் வருகிறது; வீண்விரயத்தின் மீதான தடை அதையடுத்து வருகிறது. நம் விரயம் என்பது பிறருடைய உரிமையிலிருந்து எடுத்ததாக இருக்கலாம் என்ற எச்சரிக்கையை நான் அதில் காண்கிறேன்.

ஆகவே பெற்றோர்களே, அடுத்த நிக்காஹ் பேசும்போது தேனிலவுச் செலவையும் பேச்சில் கொண்டு வாருங்கள். கடன் இல்லாத பயணமா, போகுமிடத்து மக்களுக்கு அந்தக் கரையில் இடம் உண்டா என்று இரண்டே கேள்விகள் கேளுங்கள். இரண்டில் ஒன்றுக்கு “இல்லை” என்று பதில் வந்தாலும் அந்தப் பயணத்தைக் கைவிடுங்கள்.

நம் செல்வத்தைப் பிறருக்குச் சோதனையாக்காமல் அல்லாஹ் காப்பானாக. ஆமீன்.