பட்டம் வரும்முன் படைப்புகள் தயாராகட்டும்

2010 ஜூலையில் மத்திய அரசு ஏற்ற ரூபாய்க் குறியீட்டை வடிவமைத்த உதயகுமார், அதை வடிவமைத்தபோது மும்பை ஐஐடியில் ஆய்வு மாணவர். 3,000-க்கும் மேற்பட்ட வடிவங்கள் போட்டிக்கு வந்த களத்தில் அவர் திடீரென்று முளைத்து வென்றுவிடவில்லை. அதே ஐஐடியில் முதுகலை படித்தபோதே ‘பராசக்தி’ என்ற தமிழ் எழுத்துருவை உருவாக்கியிருந்தார். முனைவர் பட்ட ஆய்வும் தமிழ் எழுத்து வடிவங்களைப் பற்றியதுதான். படிக்கிற காலத்திலேயே செய்து செய்து பழகிய கை அது.

ஆனால், நம் ஊரில் விஸ்காம், கிராஃபிக் டிசைன் படிக்கும் பிள்ளைகளில் பலர் கடைசி செமஸ்டரில்தான் தங்கள் படைப்புகளின் தொகுப்பான போர்ட்ஃபோலியோவை நினைக்கிறார்கள். ப்ராஜெக்ட், வைவா, அரியர் எல்லாம் கழுத்தை நெரிக்கும் நேரம் அது. கிடைத்த அசைன்மென்ட்களை அள்ளி ஒரு பிடிஎஃப்பில் போட்டு அனுப்பிவிடுகிறார்கள். வேலைக்கு எடுப்பவரோ மார்க்‌ஷீட்டுக்கு முன்னால் அதைத்தான் திறக்கிறார்.

போர்ட்ஃபோலியோவில் இருபது அரைகுறை வேலைகளைவிட எட்டு நல்ல வேலைகள் மேல். ஒவ்வொன்றிலும் முதல் பென்சில் கிறுக்கல், கைவிட்ட வடிவங்கள், கைவிட்டதற்கான காரணம் ஆகியவை இருக்க வேண்டும். மாணவர் எப்படி யோசிக்கிறார் என்பது அங்குதான் தெரியும். குழுவாகச் செய்ததென்றால் தன் பங்கு எது என்று நேர்மையாகக் குறிப்பிட வேண்டும். இன்டர்ன்ஷிப்பில் செய்ததை நிறுவனத்தின் அனுமதியோடுதான் சேர்க்க வேண்டும்.

பன்னாட்டு பிராண்டுக்குக் கற்பனையாக லோகோ போடுவது பயிற்சிக்கு நல்லது. ஆனால், அங்கே மறுத்துப் பேச வாடிக்கையாளர் இல்லை. தெருமுனை மெஸ்ஸின் மெனு கார்டையோ, கிளை நூலகத்தின் அறிவிப்பையோ செய்து பார்க்கட்டும். “விலை கண்ணுக்கே தெரியலையே தம்பி” என்று கடைக்காரர் சொல்லும் ஒரு வார்த்தை, வகுப்பில் கிடைக்காத பாடம்.

அச்சகத்துக்கும் போக வேண்டும். திரையில் பளிச்சென்று தெரிந்த பச்சை, நான்கு மை அச்சில் மங்கிப்போகும். ஓரத்தில் வெட்டுக்கான கூடுதல் பகுதியாக 3 மி.மீ. ‘ப்ளீட்’ விடாத போஸ்டரை வெட்டினால் விளிம்பில் வெள்ளைக் கோடு எட்டிப் பார்க்கும். சிவகாசி போன்ற அச்சு நகரம் இருக்கும் மாநிலத்தில், அச்சு இயந்திரத்தின் அருகே நிற்காமலேயே ஒரு டிசைனர் பட்டம் வாங்குவது நியாயமில்லை.

போர்ட்ஃபோலியோவின் எட்டு வேலைகளில் குறைந்தது இரண்டு தமிழில் இருக்கட்டும். சில மென்பொருள்களில் உரிய அமைப்பை மாற்றாமல் யூனிகோடு தமிழை இட்டால் கொம்பு ஒரு பக்கமும் எழுத்து ஒரு பக்கமுமாகச் சிதறும். ஆங்கிலத்துக்கு வைத்த வரி இடைவெளியில் ‘கி’யின் மேல்வளைவும் ‘கு’வின் கீழ்வளைவும் முட்டிக்கொள்ளும். இவற்றைச் சரிசெய்யத் தெரிந்தவருக்கு விளம்பரம், பதிப்பகம், செய்தித்தளம் என எங்கும் வேலை இருக்கிறது. எழுத்துருவுக்குச் செலவும் இல்லை. பிரியா ரவிச்சந்திரன் வடிவமைத்த ‘கேட்டமரான்’ போன்ற தமிழ் எழுத்துருக்கள் கூகுள் ஃபான்ட்ஸில் இலவசமாகவே கிடைக்கின்றன.

பொறுப்பை மாணவர் தலையில் மட்டும் கட்டிவிட முடியாது. இரண்டாம் ஆண்டிலிருந்து ஒவ்வொரு செமஸ்டருக்கும் ஓர் உண்மையான வேலை, அதற்கு அகமதிப்பீட்டில் மதிப்பெண், ஆண்டுக்கு ஒருமுறை வெளியிலிருந்து ஒரு டிசைனரை அழைத்து விமர்சனம். கல்லூரிகள் இந்த மூன்றை மட்டுமாவது வரும் கல்வியாண்டிலேயே தொடங்க வேண்டும்.