அட்டையில் இரண்டாவது பெயர்

ஆங்கில நாவல்கள் விற்கும் எந்தப் புத்தகக் கடைக்குள் நுழைந்தாலும், ஜேம்ஸ் பேட்டர்ஸன் என்ற பெயர் முகப்பு அட்டையில் பெரும்பகுதியை அடைத்துக்கொண்டு நிற்பதையும், அதன் கீழே சிறிய எழுத்துக்களில், வாசகர்களில் பலர் கேள்விப்பட்டே இராத இன்னொருவருடைய பெயர் ஒதுங்கியிருப்பதையும் காணலாம். பொருளுக்கோ கீர்த்திக்கோ யாதொரு குறைவும் இல்லாத ஓர் ஆசிரியர், தமக்குச் சமமான புகழ் படைத்தவர்களை விட்டுவிட்டு, அறிமுகமற்ற ஒருவரை ஏன் துணைக்கு அழைக்கிறார் என்று கேட்டால், பேராசை என்றும் சோம்பல் என்றும் பதில் சொல்லி முடித்துவிடுபவர்கள் அநேகர். அந்தப் பதிலை என்னால் ஏற்க இயலவில்லை. நாவல் என்னும் வடிவம் பத்திரிகையோடும் சந்தையோடும் உறவு பூண்ட காலத்திலேயே இந்தக் கூட்டெழுத்தும் வேரூன்றிவிட்டது. இருவர் சேர்ந்து எழுதுவதில் அதர்மம் ஏதும் இல்லை, சேர்ந்து எழுதியபின் ஒருவருடைய பெயரை மறைப்பதில்தான் அது இருக்கிறது என்பது என் திடமான அபிப்பிராயம்.

இதை ஆராய்வதற்குப் பத்தொன்பதாம் நூற்றாண்டுப் பாரிஸ் நகரத்தைவிடத் தகுந்த இடம் வேறில்லை. 1836ஆம் வருஷத்தில் 'லா பிரெஸ்', 'லெ சியெக்ல்' என்ற இரண்டு தினசரிகள் அங்கே தோன்றின. மற்றப் பத்திரிகைகள் வருஷச் சந்தாவாக 80 பிராங்கு வாங்கிக்கொண்டிருந்தபோது, இவை 40 பிராங்குக்குக் கொடுக்கத் துணிந்தன. குறைத்த தொகையை விளம்பரத்தால் ஈடுகட்ட வேண்டும். விளம்பரம் வருவதற்கு வாசகர்கள் பெருக வேண்டும். வாசகர்கள் பெருகுவதற்கோ, நாளைக்கு என்ன நேருமோ என்ற ஆவலில் அவர்களை இன்றைக்குக் கட்டிவைக்கும் தொடர்கதை வேண்டும். அந்தத் தொடர்கதைக்கு வரிக் கணக்கில் சன்மானம் கொடுத்தார்கள். நாடகாசிரியராக முன்பே பிரசித்தி பெற்றிருந்த அலெக்ஸாந்தர் டூமா இந்தத் துறையில் இறங்கியபின், 'மூன்று துப்பாக்கி வீரர்கள்', 'மாண்டி கிறிஸ்டோ பிரபு', 'மார்கோ ராணி', 'இருபது வருஷங்களுக்குப் பிறகு' ஆகிய நான்கு பெரிய நாவல்களும் 1844, 1845 என்ற இரண்டே வருஷங்களுக்குள் வாசகர்களுக்கு வரத் தொடங்கின. நம் கல்கியைப் பற்றிப் பேசும்போது டூமாவின் பெயரையும் சேர்த்துச் சொல்லும் வழக்கம் தமிழ் விமரிசகர்களிடையே உண்டு. ஆனால் 'பொன்னியின் செல்வ'னை 1950 முதல் 1954 வரை தம் சொந்தப் பத்திரிகையில் வாரந்தோறும் எழுதிய கல்கியின் கஷ்டம் வேறு, பல பத்திரிகைகளுக்கு ஏககாலத்தில் வாக்குக் கொடுத்துவிட்ட டூமாவின் கஷ்டம் வேறு. எவ்வளவு அசுர சாதகம் உள்ளவராயினும், ஒற்றை மனிதர் சமாளிக்கக்கூடிய பாரம் அல்ல அது.

அந்தப் பாரத்தில் தோள் கொடுத்தவர் அகுஸ்த் மகே. 1813இல் பிறந்து, சார்லமாஞ் கல்லூரியில் சரித்திரம் போதித்துக்கொண்டிருந்த இந்த இளைஞரை டூமாவிடம் அழைத்துச் சென்றவர் கவிஞர் ழெரார் த நெர்வால். நாடக சாலைகளில் இடம் கிடைக்காமல் தவித்த மகேயின் நாடகம் ஒன்றை டூமா செப்பனிட்டுக் கொடுத்தார். பிறகு மகே எழுதி வைத்திருந்த ஒரு குறுங்கதையை விரித்துப் பெரிய நாவலாக்கினார். அதன்பின் ஏறக்குறைய பத்து வருஷகாலம் இருவருடைய எழுதுகோல்களும் இணைந்தே ஓடின. பழைய சரித்திர நூல்களையும் அரசவைக்காரர்களின் நினைவுக் குறிப்புகளையும் துருவி, சம்பவங்களைக் கோத்து முதற்பிரதி எழுதியவர் மகே. டூமாவோ அந்தப் பிரதியை முன்னால் வைத்துக்கொண்டு, தமக்குப் பிரியமான நீலநிறக் காகிதத்தில் அடியிலிருந்து எழுதி, சம்பாஷணைகளைப் பெருக்கி, பாத்திரங்களுக்கு உயிரூட்டினார்.

மாண்டி கிறிஸ்டோ கதை உருவான விதத்தை டூமாவே பிற்காலத்தில் எழுதி வைத்திருக்கிறார். பாரிஸ் போலீஸ் இலாகாவின் பழைய தஸ்தாவேஜுகளைத் தொகுத்து வெளியிடப்பட்ட ஒரு நூலில், பொய்ப் புகாரால் சிறைப்பட்ட ஒருவன் பழிவாங்கிய விருத்தாந்தத்தைக் கண்டெடுத்த அவர், கதையை ரோமாபுரியில், மர்மமான ஒரு செல்வப் பிரபுவோடு தொடங்கிவிடுவது என்றும், கதாநாயகனுடைய பூர்வ சரித்திரத்தை இடையிலே சொல்லிக்கொள்ளலாம் என்றும் திட்டமிட்டிருந்தார். இதைக் கேட்ட மகே, மார்ஸேய் துறைமுகத்தில் அவன் பெற்ற காதலையும், நண்பர்கள் செய்த துரோகத்தையும், சிறையில் கழிந்த நெடுங்காலத்தையும் விட்டுவிட்டால் அந்த மனிதனுடைய வாழ்க்கையில் மிகச் சுவையான பகுதியையே தாண்டிப் போய்விடுவீர்களே என்று ஆக்ஷேபித்தார். டூமா அன்றிரவு அதையே சிந்தித்துக்கொண்டிருந்தார். மறுநாள் மகே வந்தபோது, நாவல் மார்ஸேய், ரோம், பாரிஸ் என்று மூன்று பாகங்களாகப் பிரிந்து தயாராக இருந்தது. அன்று மாலையே இருவரும் அமர்ந்து முதல் பாகங்களுக்குத் திட்டம் வகுத்தார்கள். மகே தாம் செய்தது நண்பருக்குச் சொன்ன யோசனை மாத்திரமே என்று எண்ணினார் என்றும், அதை ஒரு சக ஆசிரியரின் பணியாகவே தாம் கருதியதாகவும் டூமா தெரிவித்திருக்கிறார். அந்த ஆக்ஷேபம் எழாமல் போயிருந்தால், பாதாளச் சிறையில் இருந்துகொண்டு வயோதிகப் பாதிரியாரிடம் கல்வி கற்கும் அந்த வாலிபனை உலகம் இன்று அறிந்திருக்கும் விதத்தில் நாம் அறிந்திருக்க மாட்டோம்.

இருப்பினும், மகேதான் உண்மையான ஆசிரியர், டூமா கையெழுத்துப் போட்டவர் என்று சொல்பவர்களோடும் எனக்கு உடன்பாடு இல்லை. மகே தனித்து எழுதிய நாவல்கள், அவற்றில் சில அந்நாளில் நன்றாகவே விற்றன என்றாலும், இன்று வாசிப்பாரற்றுக் கிடக்கின்றன. டூமாவின் நாவல்களிலும் உலகம் மிகுதியாக நேசிப்பவை மகே கூட இருந்த வருஷங்களில் பிறந்தவை. ஒருவரிடம் கட்டுக்கோப்பும் பொறுமையும் இருந்தன. மற்றவரிடம் வேகமும் ஜீவனும் இருந்தன. இரண்டும் கலந்த இடத்தில் உண்டான ரசத்தைத் தராசில் நிறுத்துப் பங்கு பிரிக்க எந்த விமரிசகராலும் ஆகாது.

பெயர் விஷயத்தில் நேர்ந்த அநியாயம் அப்படிப்பட்டதல்ல; அது பளிச்சென்று தெரிகிறது. டூமா என்ற தனிப்பெயருக்கு வரிக்குக் கிடைக்கும் விலை இரண்டு பெயர்களைச் சேர்த்துப் போட்டால் கிடைக்காது என்பது பத்திரிகை முதலாளிகளின் கணக்கு. 1845இல் மிரெகூர் என்பவர், டூமா கதைத் தொழிற்சாலை நடத்துகிறார் என்று ஒரு துண்டுப் பிரசுரம் வெளியிட்டார். டூமாவின் பாட்டி கரிபியத் தீவொன்றில் அடிமையாயிருந்த கறுப்பினப் பெண்மணி. அந்த வமிசத்தையே இழித்துப் பேசிய அந்தப் பிரசுரத்துக்காக மிரெகூர் சிறைத்தண்டனை பெற்றார், அது நியாயமே. ஆனால் அந்தக் கலவரத்தின் நடுவில் மகே, தாம் சேர்ந்து எழுதிய நூல்களின்மேல் உரிமை ஏதும் கோருவதில்லை என்று டூமாவுக்குக் கடிதம் எழுதிக் கொடுத்துவிட்டார். பின்னர் டூமா கடனில் மூழ்கிப் பணமும் நின்றுபோய், 1858இல் வழக்கு நீதிமன்றம் ஏறியபோது, மகேயைப் பணம் வரவேண்டிய ஒரு கடன்காரராக மாத்திரமே நீதிபதிகள் அங்கீகரித்தார்கள். இணையாசிரியர் என்ற ஸ்தானத்தை அளிக்கவில்லை. 1888இல் காலமான மகேயின் கல்லறை பாரிஸில் பெர் லஷேஸ் இடுகாட்டில் இருக்கிறது. புத்தகங்களின்மேல் அவர் பெயர் ஏறவில்லையாதலால், அந்தப் புத்தகங்களின் பெயர்கள் அவர் கல்லறையின்மேல் செதுக்கப்பட்டிருக்கின்றன.

இந்தச் சரித்திரத்தை அறிந்த ஒருவர் பேட்டர்ஸனுடைய அட்டையைப் பார்க்கும்போது, முன்னேற்றம் உண்டாகியிருக்கிறது என்றே சொல்ல வேண்டும். விளம்பரத் தொழிலில் உயர்ந்த பதவி வகித்துவிட்டு எழுத்துக்கு வந்த அவர், கதையின் போக்கை அத்தியாயம் அத்தியாயமாக விவரித்து நீண்ட குறிப்பு எழுதிக் கொடுக்க, துணையாசிரியர் அதை நாவலாக விரிக்கிறார், பேட்டர்ஸன் திருத்துகிறார். மகே காலத்து முறை இங்கே தலைகீழாக மாறியிருக்கிறது. இதனால் இளையவருக்கும் லாபம் இல்லாமற் போகவில்லை. அவரோடு சில நாவல்களை எழுதிய ஆண்ட்ரூ கிராஸ் பிறகு தம் பெயரிலேயே நாவலாசிரியராக நிலைபெற்றார். வாசகர் பெருந்திரளைத் தனியே தேடிப் பிடிக்க ஓர் எழுத்தாளர் பல வருஷங்கள் அலைய வேண்டியிருக்க, முதியவருடைய பெயர் அந்தக் கதவை ஒரே நாளில் திறந்துவிடுகிறது. முதியவருக்கோ, நாவலாசிரியர் வில்பர் ஸ்மித் எண்பது வயதை நெருங்கியபோது செய்ததுபோல, மனத்தில் மிஞ்சியிருக்கும் கதைகளை ஆயுளுக்குள் எழுதி முடிக்க ஒரு வழி கிடைக்கிறது.

பழைய குற்றம் முற்றும் ஒழிந்துவிட்டது என்றும் சொல்வதற்கில்லை. நாவலாசிரியர் டாம் கிளான்ஸியின் பெயரைத் தாங்கி 1995இல் வெளிவந்த 'ஆப்-சென்டர்' என்ற நாவலின் அட்டையில், அந்த நாவல் வரிசையைச் சிருஷ்டித்தவர்கள் என்று இருவருடைய பெயர்கள் இருந்தன. அதை உண்மையில் எழுதிய ஜெஃப் ரோவின் பெயர் அட்டையில் இல்லை. கிளான்ஸி 2013இல் காலமான பின்னும் அவர் பெயர் பெரிய எழுத்தில் புதுநாவல்களின்மேல் வந்துகொண்டிருக்கிறது. எழுதினவர் பெயரும் உடன் அச்சாகிறது என்பதால் அதை மோசடி என்று நான் கூற மாட்டேன், ஆயினும் இறந்தவர் பெயர் பெரிதாகவும் உயிரோடிருந்து எழுதுகிறவர் பெயர் சிறிதாகவும் இருப்பது எனக்கு உறுத்துகிறது. நம் சங்கீத சபைகளில் பாடகருக்காகவே டிக்கெட் விற்கிறது என்பது எல்லாருக்கும் தெரிந்திருந்தும், அழைப்பிதழில் பிடிலுக்கு யார், மிருதங்கத்துக்கு யார் என்று அச்சடிக்காமல் விடுவதில்லை. அதனால் பாடகரின் மகிமை குறைந்ததாக ஒருவரும் சொன்னதில்லை.

2002ஆம் வருஷம் பிரெஞ்சுக் குடியரசு டூமாவின் பூதவுடலைப் பாந்தியன் மண்டபத்துக்கு எடுத்துச் சென்று தேசிய மரியாதை செய்தது; செய்ய வேண்டிய மரியாதைதான். மகே விஷயத்தில் செய்ய வேண்டியது இன்னும் பாக்கி இருக்கிறது. அந்த நாவல்களின் பதிப்புரிமை எப்போதோ காலாவதியாகிவிட்டது. இரண்டு பெயர்களை அச்சடித்தால் இன்று எந்த முதலாளிக்கும் ஒரு காசு நஷ்டமில்லை. ஆகையால், 'மூன்று துப்பாக்கி வீரர்க'ளையும் 'மாண்டி கிறிஸ்டோ'வையும் எந்த மொழியிலாவது, தமிழிலேயாவது, புதிதாக வெளியிட முன்வரும் பதிப்பாளர்கள், தலைப்புப் பக்கத்தில் டூமாவின் பெயருக்கு அடுத்தபடியாக அகுஸ்த் மகேயின் பெயரையும் சேர்த்து அச்சிட வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.