கல்லில் நிற்கும் குடிவழி

ஆங்கிலர் தம் முன்னோரைத் தேடிப் பழங்கல்லறைத் தோட்டங்களுக்குச் செல்வர். பாசி படிந்த கல்லைத் துடைத்துப் பாட்டன் பெயரையும் பூட்டன் பெயரையும் படியெடுத்துக் குடிவழி வரைவர். அதனைக் கண்டு வியக்கும் நம்மவர், "தமிழர்க்கு அத்தகைய கல் ஏது?" என வினவுகின்றனர். வினவுவோர் கொங்குநாட்டவராயின், அவ்வினா நகைப்பிற்கே இடமாகும்.

நடுகல் எடுக்கும் முறையைக் காட்சி முதல் வாழ்த்தல் ஈறாக ஆறு நிலைகளில் வகுத்துரைத்தது தொல்காப்பியம். கோவை, திருப்பூர், ஈரோட்டு வட்டாரங்களில் ஊர்ப்புறத்தே நிற்கும் புலிக்குத்திக்கற்கள் அம்மரபின் வழிவந்தவையே. பட்டி மாட்டைக் காக்கப் பாய்புலியை எதிர்த்துக் குத்தி மாய்ந்தவன் உருவம் அவற்றிலுண்டு. மாடே செல்வமாக இருந்த மேய்ச்சல் நாட்டில் வேறெவர்க்குக் கல் நடுவர்? எழுத்துடைய நடுகற்கள் இறந்தவன் பெயரையும் ஊரையும் கூறும்; சில, அவன் இன்னான் மகன் என்பதையும் கூறும். எழுத்தில்லாத கற்களும் பல. அவற்றிற்குரிய பெயர், ஊர்க்கிழவியர் வாய்மொழியிலன்றி வேறெங்கும் இல்லை.

திருவண்ணாமலை மாவட்டத்து எடுத்தனூரில், மகேந்திரவர்மனின் 34ஆம் ஆட்சியாண்டுக் கல்லொன்று உள்ளது. எருமைகளைக் காத்து மாண்ட கருந்தேவக்கத்தியோடு, கள்வனைக் கடித்துக் காத்துநின்ற கோவிவன் என்னும் நாயின் பெயரும் அதிற் பொறிக்கப்பட்டுள்ளது. நாயின் பெயரும் ஆயிரத்து நானூறு ஆண்டாக வாழ்கிறது! நம் இளைஞர் எத்தனை பேர் பூட்டன் பெயரைத் தடுமாறாது சொல்வர்?

நொய்யற்கரைக் கொடுமணலில் 1985 முதல் தமிழ்ப் பல்கலைக்கழகத்தார் அகழ்ந்தபோது, கல்வட்ட ஈமக்காடுகளோடு, கண்ணன் ஆதன் என்பன போன்ற பெயர் கீறிய பானையோடுகளும் கிடைத்தன. தந்தை பெயரை முன்வைத்துத் தன் பெயரைப் பின்வைக்கும் வழக்கமே இன்றைய முன்னெழுத்து. அதனையும் ஆங்கில எழுத்தில் இட்டுப் பழகினோம். தமிழில் இடுக எனத் தமிழ்நாட்டரசு 2021இல் ஆணையிட வேண்டியதாயிற்று.

இன்று நிகழும் கேடு வேறு. மனைப்பிரிவு போடுவோர் நடுகல்லைப் பெயர்த்து வேலியோரம் தள்ளுகின்றனர். போற்றுவதாக எண்ணுவோரோ திருப்பணி என்னும் பெயரால் பைஞ்சுதை பூசி, வண்ணந்தீட்டி, புலிகுத்தியவனுக்கு வடமொழித் தெய்வப்பெயர் சூட்டிக் குடமுழுக்கும் செய்கின்றனர். ஒரே நாளில் மூதாதை மறைந்துவிடுகிறான். தள்ளியவனைக் காட்டிலும் பூசியவனே பெருந்தீங்கு செய்தவன். தள்ளிய கல்லையேனும் மீட்டு நிறுத்தலாம்.

ஒரு குடியார் வழிபடுவதாலேயே கல்லில் நிற்பவன் அவர்க்கு மூதாதை எனத் துணிதலும் பிழை. குலப்பெருமை பேசுவோர் இதனை ஒப்பார். மாண்டவன் மாடு மேய்த்த கூலியாளாகவும் இருக்கலாம், கல் அவனுக்குரியது.

ஆதலின் வண்ணம் பூசுமுன் கல்லை நிழற்படமெடுத்து, எழுத்திருப்பின் வல்லாரைக் கொண்டு மைப்படி எடுத்துத் தொல்லியல் துறைக்குத் தெரிவிக்க. அதற்கும் முன்னதாக, ஊரில் எண்பது கடந்த கிழவியரிடம் சென்று, அக்கல்லை அவர்தம் பாட்டியர் எப்பெயரால் அழைத்தனர் என்பதைக் கேட்டு எழுதிக்கொள்க.